நிலம் திருத்தும்போது விழும் மரத்தை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்ட, தோப்பு வைக்க, பாதை போட என்று ஏதோ ஒரு காரணத்துக்காக மரம் நிற்கும் நிலத்தைத் திருத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மரம் வளர்த்து விற்பதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை மரம் விற்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் ஏமாறுகிறவர்கள் அவர்கள்தான்.

மரம் வாங்குபவரை எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

புல்டோசர் வருவதற்கு முன்னால். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் திருத்தும் ஒப்பந்தக்காரருக்குக் காலம்தான் பணம், மரம் அவருக்கு இடைஞ்சல். இயந்திரத்தால் முட்டித் தள்ளுவார், மரம் வேரோடு சாயும்போது அடித்தண்டு உள்ளுக்குள்ளேயே பிளக்கும், அப்புறம் மண்ணோடும் கல்லோடும் சேர்த்து ஒரு மூலையில் குவித்துவிடுவார். ஒரு மரத்தின் மதிப்பில் பெரும்பங்கு தரையிலிருந்து முதல் கிளை வரைக்கும் உள்ள அடித்தண்டில்தான் இருக்கிறது, முட்டித் தள்ளும்போது அடிபடுவதும் அதே பகுதிதான். பட்டையில் மண்ணும் கல்லும் ஏறிய கட்டையை அறுவை மில்காரர் தயக்கத்தோடுதான் தொடுவார், வாள் பல் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

அதனால் முதலில் வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டி வந்து, நிற்கும் மரத்தைக் காட்டி, என்ன நீளத்தில் வெட்டினால் எடுப்பார்கள், எந்தப் பருமனுக்குக் கீழே போனால் வேண்டாம் என்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் அந்தச் சீட்டைப் பார்த்து வெட்டட்டும். மண்வேலை அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் கிடைக்கும் நஷ்டத்தை எந்தப் பேரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

கடின மரம் என்றால் கெட்டியாக இருக்கும் மரமா?

அப்படிச் சொல்ல முடியாது. தாவரவியலில் அகன்ற இலை கொண்ட, பூத்துக் காய்க்கும் மரங்களைத்தான் கடின மரம் என்ற வகையில் சேர்க்கிறார்கள். தேக்கு, ஓக், வால்நட், மகோகனி எல்லாம் இதில் வரும். நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் பால்சாவும் இதே வகைதான். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். விற்கும்போது இந்தப் பாகுபாடு அவ்வளவாக உதவாது, மரத்தின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். பெயர் தெரியாவிட்டால் இலை, பட்டை, காய் மூன்றையும் படம் எடுத்து, விவரம் தெரிந்த வன அலுவலரிடமோ தாவரவியல் படித்தவரிடமோ காட்டுங்கள். பெயர் தெரியாமல் விலை பேசுகிறவருக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

ஒரே இன மரம், ஒரே பருமன், ஆனால் விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது?

அந்தக் கட்டை எந்த வேலைக்குப் போகும் என்பதைப் பொறுத்துத்தான் விலை. மிக உயர்ந்த விலை வெனீர் கட்டைக்கு. மரத்தைத் தாள் போல மெல்லிதாகச் சீவி மேற்பூச்சாக ஒட்டுவார்களே, அதற்கு எடுப்பது. நேராக, பருத்து, கணுவே இல்லாமல், இரண்டு முனையிலும் வளையங்களின் மையம் நட்ட நடுவில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தது பலகை அறுக்கும் கட்டை, அதிலும் நல்லது, நடுத்தரம், மட்டம் என்று தரம் உண்டு. அதற்கும் கீழே சரக்கு அடுக்கும் தட்டு, பெட்டி செய்ய எடுப்பது. கடைசியில் காகிதக்கூழ், விறகு. ஒரே மரத்தில் அடித்தண்டு வெனீருக்கும், நடுப்பகுதி பலகைக்கும், நுனி விறகுக்கும் போகலாம். மொத்த மரத்துக்கும் ஒரே விலை சொல்கிறவர் எந்த விலையைச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

பார்த்தவுடன் தெரியும் குறைகள் சில: கணு, வளைவு, இழை முறுக்கு, முனை வெடிப்பு, பொந்து. பட்டையில் ஒரு புடைப்பு தெரிந்தால் உள்ளே பழைய கிளையின் அடிக்கட்டை புதைந்திருக்கிறது என்று அர்த்தம், அனுபவசாலி அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். வைரம், அதாவது நடுவில் முற்றிய மரம் எவ்வளவு, வெளிச்சுற்று வெள்ளை எவ்வளவு என்பதும் விலையைத் தீர்மானிக்கும். தேக்கு, வால்நட், ஈட்டி போன்றவற்றில் பணம் வைரத்துக்குத்தான், வயதாகாத மரத்தில் வெள்ளை அதிகம் என்பதால் பருமன் இருந்தும் விலை ஏறாது.

கட்டையை நானே எப்படி அளப்பது?

ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும். கட்டையின் நீளத்தை அடியில் எடுங்கள். நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. உதாரணமாக நடுச் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி. 60-இல் நாலில் ஒன்று 15, பதினைந்து பதினைந்து 225, அதைப் பத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 15.6 கன அடி வரும்.

இது ஹாப்பஸ் முறை. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற நில அளவையாளர் 1736-இல் வெளியிட்ட அட்டவணைகளிலிருந்து வந்தது. இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டையின் உண்மையான கன அளவு 19.9 கன அடி. ஹாப்பஸ் கணக்கு அறுவையில் போகும் கழிவுக்காக அதில் சுமார் 21.5 சதவீதத்தை முன்னாலேயே கழித்துவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லோரும் தெரிந்து பயன்படுத்தும் முறைதான். ஆனால் ஹாப்பஸில் அளந்த பிறகு, அறுவைக் கழிவு என்று சொல்லி இன்னொரு முறை கழிக்க விடாதீர்கள். ஒரே கழிவை இரண்டு தடவை கொடுப்பதாகிவிடும்.

இன்னொன்று பட்டை. அதே கட்டையில் பட்டை அரை அங்குலத் தடிமன் என்றால், பட்டையோடு அளப்பதற்கும் பட்டை நீக்கி அளப்பதற்கும் கன அளவில் சுமார் 10 சதவீதம் வித்தியாசம் வரும். பட்டை நீக்கி அளப்பதுதான் பல இடங்களில் வழக்கம், அதில் தவறில்லை. எப்படி அளக்கப் போகிறோம் என்பதை விலை பேசும்போதே பேசிவிட வேண்டும் என்பதுதான் விஷயம். சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைத்து 58 என்று எழுதினால்கூட 15.6 என்பது 14.6 ஆகிவிடும். டேப்பைப் பிடிக்கும் ஆள் யார் என்பது அவ்வளவு முக்கியம்.

வாங்குபவர் வேறு ஒரு அளவு முறையைச் சொல்கிறார். அவர் சொல்லும் விலையை எப்படி ஒப்பிடுவது?

முறை மாறினால் ஒரே கட்டையின் அளவே மாறிவிடும், அதனால் அளவு முறையைச் சொல்லாத விலை விலையே அல்ல. கன மீட்டரில் பேசினால், ஒரு கன மீட்டர் என்பது 35.3 உண்மைக் கன அடி, ஹாப்பஸ் கணக்கில் 27.7 கன அடி. மாற்றும்போது எந்தக் கன அடி என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் போர்டு அடி என்று ஒரு கணக்கு, ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள பலகை ஒரு போர்டு அடி. கட்டையிலிருந்து எத்தனை போர்டு அடி வரும் என்று மதிப்பிட டாயில், ஸ்க்ரிப்னர், இன்டர்நேஷனல் என்று பல அட்டவணைகள் உண்டு. டாயில் முறையில் சிறிய முனையின் விட்டத்தில் நாலு அங்குலத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே ஆரம்பிக்கும், அதனால் சின்னக் கட்டைக்கு அது ரொம்பக் கடுமை. 12 அங்குல விட்டம், 16 அடி நீளக் கட்டைக்கு டாயில் 64 போர்டு அடி சொல்லும், வாள் வெட்டு கால் அங்குலம் என்று வைத்துப் போட்ட இன்டர்நேஷனல் அட்டவணை 95 சொல்லும். விட்டம் 30 அங்குலத்தை நெருங்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். எனவே உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சின்னக் கட்டை என்றால், டாயில் அளவில் ஒருவர் கூடுதல் விலை சொன்னாலும் கையில் வருவது குறைவாக இருக்கலாம். எல்லா விலையையும் ஒரே கட்டைக்குப் போட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

எடை போட்டு விற்கலாமா?

மட்டமான கட்டைக்கும் விறகுக்கும் எடை சரி. உயர்ந்த கட்டைக்கு வேண்டவே வேண்டாம், எடைத் தராசுக்கு வெனீரும் விறகும் ஒன்றுதான். எடைக்கு விற்பதென்றால் வெட்டிய சூட்டோடு அனுப்புங்கள். பச்சை ஓக் ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாண்டும், காயக் காய அந்த எடை நாளுக்கு நாள் இறங்கும்.

நிற்கும் மரத்தை மொத்தமாகக் குத்துமதிப்பாக விற்பது நல்லதா, வெட்டி அளந்து விற்பது நல்லதா?

மொத்தமாக விற்றால் பணம் முன்னாலேயே வரும், வெட்டுவதும் ஏற்றுவதும் வாங்குபவர் பாடு, உள்ளே பொந்து இருந்தால் அதுவும் அவர் பாடு. இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஆபத்தை அவர் சும்மா ஏற்க மாட்டார், விலையில் கழித்துக்கொள்வார். உங்கள் மரத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் இந்த முறையில்தான் அதிகம் இழப்பீர்கள்.

வெட்டியதை அளந்து அளந்து விற்றால் நியாயமான பணம் வரும், ஆனால் ஒவ்வொரு லோடையும் யாராவது உடனிருந்து பார்க்க வேண்டும். லோடு போன பிறகு மில்லில் அளந்து சொல்வார்கள் என்பது நம்பிக்கையின் மேல் ஓடும் வண்டி. விற்ற பணத்தில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதும் உண்டு, அதில் மில் கொடுத்த ரசீதின் அசல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், நல்ல மரம் நிறைய இருந்தால் வாங்குபவரைச் சேராத ஒரு வனவியல் ஆலோசகரைக் கொண்டு மரத்துக்கு எண் போட்டு, அளந்து பட்டியல் தயாரித்து, நாலைந்து பேரிடம் மூடிய உறையில் விலை கேட்டு மொத்தமாகக் கொடுங்கள். மரம் கலந்துகட்டி, பாதிக்கு மேல் மட்டம் என்றால் வெட்டி, தரம் பிரித்து விற்பதே மேல்.

என்ன நீளத்துக்கு வெட்டுவது?

வாங்குபவர் சொன்ன நீளத்துக்கு. அதோடு நாலு முதல் ஆறு அங்குலம் கூடுதலாக விட வேண்டும், முனை வெடிப்பையும் கோணலையும் சீவ அது தேவை. 10 அடி 4 அங்குலம் வெட்ட வேண்டிய இடத்தில் 9 அடி 11 அங்குலம் வெட்டினால் அடுத்த கீழ் நீளத்துக்குத்தான் காசு, மீதி அவருக்கு இலவசம். இந்த ஒரு தவறு லோடு லோடாக நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், வெட்டியவருக்கு அளவுகோல் இருந்தது, கூடுதலாக விடச் சொல்ல ஆளில்லை.

வளைந்த தண்டு என்றால் வளைவு இருக்கும் இடத்தில் வெட்டி இரண்டு நேரான கட்டையாக்குங்கள், நீளமாக வைத்திருப்பதை விட அதற்கு மதிப்பு அதிகம். கவட்டைக்கும் கணுக்கூட்டத்துக்கும் அப்படித்தான், நல்ல பகுதியோடு ஒட்டிவிடாமல் தனியாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம், சாய்ந்து நிற்கும் பெரிய மரத்தைப் பழக்கமில்லாதவர் வெட்டக் கூடாது. வெட்டி முடிக்கும் முன்னே தண்டு நெடுக்கப் பிளந்து பின்பக்கமாக எகிறும், அதில் உயிர் போகும், மரமும் போகும்.

எல்லாவற்றையும் ஏற்கெனவே தள்ளிக் குவித்துவிட்டார்கள். இனி ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும், வேகமாகச் செய்தால். குவியலுக்குத் தீ வைக்க விடாதீர்கள், அது முதல் வேலை. பிடிகரம் உள்ள இயந்திரத்தால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து, வேரடியையும் பிளந்த பகுதியையும் அறுத்துவிட்டு, பட்டையில் ஏறிய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தரையில் படாமல் குறுக்குக் கட்டைகள் மேல் வைத்து, பெரியது, நேரானது எல்லாம் தனியாகத் தெரியும்படி அடுக்குங்கள். குவியலைக் காட்டி விலை கேட்டால் குப்பை விலைதான் சொல்வார்கள், பிரித்து அடுக்கிக் காட்டினால் அதே ஆள் டேப்பை எடுப்பார்.

வெட்டிய கட்டையை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

வெயில் காலத்தில் வாரக்கணக்குதான், குளிர்காலத்தில் கொஞ்சம் தாங்கும். மரம் பக்கவாட்டில் காய்வதை விட முனை வழியாகப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகக் காயும், அதனால்தான் முனையில் முதலில் வெடிப்பு ஓடுகிறது. வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகுக் குழம்பு பூசுங்கள், இதற்கென்றே விற்கிறார்கள், கிடைக்காவிட்டால் தடிமனான பெயின்டாவது அடியுங்கள். நாலு நாள் கழித்துப் பூசினால் வெடித்த வெடிப்பு மூடாது. வெளிர் நிற மரங்களில் பூஞ்சை ஏறி நீலமும் சாம்பலுமாகக் கறை படியும், பட்டையோடு கிடக்கும் பச்சைக் கட்டையில் குண்டூசி முனை அளவு ஓட்டை போட்டு வண்டு இறங்கும், இரண்டும் தரத்தை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். விலை ஏறட்டும் என்று கட்டையை வைத்துக் காத்திருக்காதீர்கள். காத்திருக்க வேண்டுமானால் மரம் நின்றபடியே காத்திருக்கட்டும், நிற்கும் மரம் வெடிக்காது.

நடுவில் பொந்து இருக்கிறது என்று பாதி விலை கேட்கிறார். நியாயமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அங்குல விட்டமுள்ள கட்டையில் 8 அங்குலப் பொந்து, அது கட்டை நெடுக ஓடினாலும், கன அளவில் 16 சதவீதம்தான். ஆனால் பலகையாக அறுக்கும்போது பொந்தைச் சுற்றியுள்ள மரமும் கொஞ்சம் வீணாகும், அழுகல் பரவியிருக்கலாம், எனவே 16-க்கு மேல் கேட்பது நியாயம், பாதி என்பது அதிகம். முனையிலிருந்து ஓர் அடி அறுத்துக் காட்டுங்கள், பல நேரம் பொந்து வேரடியோடு நின்றிருக்கும், நல்ல மரம் வெளியே வரும். நட்சத்திரம் போல நாலா பக்கமும் ஓடும் வெடிப்பும், வளையத்தை ஒட்டி வட்டமாகப் பிரியும் வெடிப்பும் பொந்தை விட மோசம், அதற்கு அவர் கூடுதலாகக் கழித்தால் சண்டை போடாதீர்கள்.

வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தை ஏன் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்?

ஆணி. கொடிக்கம்பி, வேலிக்கம்பி, ஊஞ்சல் கொக்கி எல்லாவற்றையும் மரம் வருஷக்கணக்கில் விழுங்கி மூடியிருக்கும், ஒரே ஒரு ஆணி போதும், வாள் போய்விடும். அடிக்கட்டையின் முனையில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று மில்காரருக்குத் தெரியும். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தடவிக் காட்டி, வாள் சேதமானால் நான் தருகிறேன் என்று சொன்னால் சிலர் சம்மதிப்பார்கள்.

என்னிடம் நாலைந்து கட்டைதான் இருக்கிறது. விற்க முடியுமா?

ஒரு லாரி நிறையாவிட்டால் பெரிய மில் வராது, ஏனென்றால் வாடகையே மரத்தின் விலையைத் தின்றுவிடும். அக்கம்பக்கத்தில் நிலம் திருத்துகிறவர் இருந்தால் சேர்ந்து ஒரு லோடாக்குங்கள். இல்லாவிட்டால் தச்சர், மரக்கடைசல்காரர், இசைக்கருவி செய்பவர் ஆகியோரைத் தேடுங்கள். மில் ஒதுக்கும் கவட்டையையும் தண்டில் வீங்கிய முடிச்சையும் அவர்கள் ஆசையாக எடுப்பார்கள், இழை ஓட்டம் அழகாக இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நாமே பலகையாக அறுத்து விற்றால் லாபம் அதிகமா?

அதிகம்தான், உடனே வராது. இடத்துக்கே வந்து அறுத்துக் கொடுக்கும் நகரும் பட்டை வாள் இயந்திரம் இருக்கிறது, அதன் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால் தூளாகப் போவது வட்ட வாளை விடக் குறைவு. ஆனால் அறுத்த பலகையை நடுநடுவே ஒரே தடிமனான குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, கூரைக்கடியில் காயவிட வேண்டும், ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இடமும் பொறுமையும் இருந்தால், கொஞ்சமாக உள்ள நல்ல மரத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வேன். மட்ட மரத்துக்கு அறுவைக் கூலியே வராது.

என் நிலம், என் மரம். அனுமதி எதற்கு?

நிலம் உங்களுடையதாக இருந்தாலும் சில மரங்களை வெட்டவும், கட்டையை வண்டியில் ஏற்றி ரோட்டில் கொண்டு போகவும் பல நாடுகளில் அரசு அனுமதி வேண்டும், எந்த மரத்துக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். வெட்டுவதற்கு முன் உள்ளூர் வன அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாடு விட்டு நாடு போகும் மரம் என்றால், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தமும் உண்டு. ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாத மரத்தை வாங்குபவர் அந்த ஆபத்தையும் விலையில்தான் கழிப்பார்.

எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

எந்தெந்த மரம், எந்த அளவு முறை, பட்டையோடா பட்டை நீக்கியா, யார் அளப்பது, ஒவ்வொரு தரத்துக்கும் என்ன விலை, எந்தத் தேதிக்குள் எடுத்து முடிப்பது, பாதையும் வேலியும் சேதமானால் யார் பொறுப்பு, வேலையாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா. பணம் மட்டும் முன்னாலேயே. மொத்த விற்பனை என்றால் முதல் மரம் விழும் முன் முழுப் பணம், அளந்து விற்பது என்றால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, முந்திய லோடுக்குப் பணம் வந்த பிறகே அடுத்த லோடு கிளம்ப வேண்டும்.

"மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், நிலம் திருத்தக் கூலி வேண்டாம்" என்கிறார் ஒப்பந்தக்காரர். ஒத்துக்கொள்ளலாமா?

சில நேரம் அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, மரம் மட்டமாக இருந்து வேர் பிடுங்குவதே பெரிய செலவாக இருக்கும் நிலத்தில் நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள், மரத்தின் மதிப்பைத் தனியாக இன்னொருவரிடம் கேளுங்கள், இரண்டு எண்ணும் கையில் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதும் அவர் அவசரப்படுத்தினால், நாளைக்கே இயந்திரம் வேறு இடத்துக்குப் போய்விடும் என்றால், போகட்டும் என்று விடுங்கள். இன்னொரு இயந்திரம் வரும். வேரடிகளையும் நுனிக்கிளைகளையும் அப்புறப்படுத்துவது யார் என்பதையும் அன்றைக்கே பேசுங்கள், நல்ல கட்டையை ஏற்றிக்கொண்டு போன பிறகு நிலத்தில் மிஞ்சி நிற்பது அதுதான்.